கிறீம் போத்தலில் என் நிறம்

ஓஸ்டர்முண்டிகன்,
02.09.2024, திங்கட்கிழமை.

அன்புள்ள 'இஞ்சாருங்கோ'வுக்கு,

இருபத்தொரு வருடங்களாக உங்களை இப்படித்தான் கூப்பிடுகிறேன். முதலில் உங்கள் பெயரைப் போட்டுத்தான் தொடங்கினேன். விஜிதரன் என்று எழுதியதும் யாரோ அலுவலகத்து மனிதருக்கு விண்ணப்பம் எழுதுவதுபோல் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நீங்களும் மாமாவும் மாமியும் ஆரையம்பதியில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே தினமும் விளக்கேற்றும்போது என் வேண்டுதல். இங்கே நானும் நிருசனும் சுகம்.

இந்தக் கடிதத்தை ஜெரோசனிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சிவமலரின் தம்பி. வியாழன் விமானம் ஏறுகிறார், சனிக்கிழமை மட்டக்களப்பில் நிற்பாராம். அவரிடம் ஒரு பொதியும் இருக்கிறது. மாமாவுக்குப் படுக்கைப்புண் வராமல் முதுகிலும் குதிக்காலிலும் பூசுகிற களிம்பு மூன்று, மாமிக்கு முழங்கால் உறை, நிரஞ்சினி மச்சாளின் பிள்ளைகளுக்குச் சொக்லேட். அடியில் ஒரு சன் கிறீம் இருக்கும். அது உங்களுக்கு. "இந்தக் கறுவலுக்கு என்னத்துக்கு உது?" என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் பூசுங்கள். வீடியோவில் உங்கள் மூக்குத் தோல் உரிந்து கிடக்கிறது.

நிருசனின் இராணுவப் பயிற்சி, அந்த ஆர்எஸ், முடிய இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு பை அழுக்கு உடுப்போடு வருகிறான். புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே படுத்து நித்திரை. இராணுவத்தில் அவனுக்குக் கிடைத்த பெரிய பயிற்சி, எங்கே சாய்ந்தாலும் உறங்குவதுதான் போலிருக்கிறது. முன்பெல்லாம் "அப்பா எப்ப வாறார்?" என்று கேட்பான். போனமுறை வந்தபோது, "அப்பாவின்ரை சைக்கிளை நான் எடுக்கவோ?" என்று கேட்டான். எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரயர் காற்றுப் போய்க் கிடக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் தொலைபேசியில் தனியாக இருப்பதில்லை. மாமாவின் கட்டிலருகே சத்தமாகப் போட்டு வைத்துத்தான் பேசுகிறீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அதை நான்கு பேர் கேட்கிறார்கள். அதில் குறையில்லை, அது அப்படிப்பட்ட வீடு. ஆனால் அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஆஸ்பத்திரிக் குசினி ஷெஃப், வருகிறீர்களா இல்லையா என்று செப்டம்பர் முடிவுக்குள் பதில் கேட்கிறான், வராவிட்டால் குண்டிகுங் எழுதி அனுப்பச் சொல்கிறான் என்று சொன்னீர்கள். அது வேலையை விடுகிற கடிதம் என்று நீங்கள் விளக்குவதற்குள் மாமி, "அதென்னடா மகன் அந்தச் சொல்லு, பொம்புளப் புள்ளைகளுக்கு முன்னால!" என்றா. மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தா. மாமாகூட ஒருபக்க வாயால் சிரித்தார். வாதம் வந்தபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நீங்கள், "அப்ப நான் என்ன செய்ய, வேணு?" என்று கேட்டீர்கள். எத்தனை பேர் காதுகொடுத்துக்கொண்டிருந்தார்கள்! "உங்கட விருப்பம்" என்றேன். நீங்கள் "சரி" என்றீர்கள். அந்தச் சரி எதற்குச் சரி என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி என் தோலைப் பற்றி. நீங்கள் மாசியில் போகும்போது விரல்களிலும் முழங்கைகளிலும் முதுகிலும் மட்டும்தான் வெள்ளை இருந்தது. இப்போது இடது கண்ணோரத்தில் ஒன்று வந்திருக்கிறது. காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்துவரை இன்னொன்று இறங்குகிறது. வீடியோவில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுகிறேன்.

தோல் மருத்துவர் புதியவர், இளம் பெண், நிதானமாகக் கதைக்கிறா. உயிருக்கு ஆபத்தில்லை, வெயிலில் மட்டும் கவனம் என்கிறா. வெள்ளையான இடத்தில் தோலுக்குத் தற்காப்பே கிடையாதாம். அதன்மேல் பூசுகிற நிறம் வெறும் நிறம்தான், அது வெயிலைத் தடுக்காது, ஆகவே பூசினாலும் அதற்கு மேலே சன் கிறீம் போட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்று இரண்டுமுறை சொன்னா. நான் உயிரியல் படித்தவள் என்று சொன்னதும் படம் கீறியே விளங்கப்படுத்தினா. ஊரில் பட்டம் வாங்கியபிறகு யாரும் எனக்குப் படம் கீறிக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து அதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் கூப்பிட்டபோது மாமாவுக்குக் காய்ச்சல் என்றீர்கள். அதோடு அது போய்விட்டது.

பூசுவதை நானே செய்யப் பழகிவிட்டேன். மாலையில் குளித்து, மெல்லிய துணியால் தோலை வருடித் துடைத்து, முழங்கையில் மட்டும் முதலில் சாதாரண கிறீம் கொஞ்சம். இல்லாவிட்டால் அந்த மடிப்புகளில் நிறம் திரண்டுவிடும். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியால் வெள்ளைக்குள்ளே மட்டும் வைக்கிறேன். கரையைத் தாண்டினால் சுற்றியுள்ள நல்ல தோலும் கறுத்து, வெள்ளையைச் சுற்றிக் கறுப்புக் கரை கட்டியதுபோலாகும். இங்கே செல்ப்ஸ்ட்பிராய்னர் என்று விற்பதெல்லாம் வெள்ளைக்காரரைக் கொஞ்சம் மாநிறமாக்குவதற்குச் செய்தது. ஒருமுறை பூசினால் ரஸ்க் நிறம். எங்கள் நிறத்துக்கு வர மூன்று மாலைகள் வேண்டும். ட்ரோகரிக் கடைப் பெண் முதல்தடவை என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கா செல்ப்ஸ்ட்பிராய்னர்?" என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது அவளே எடுத்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

கண்ணோரத்தில் வைக்கும்போது முழங்கையைத் தட்டில் ஊன்றிக்கொள்கிறேன். கைவிரல்களில் நிற்பதில்லை. நாள் முழுக்கக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் வேலையில் நிறம் இரண்டு நாளில் ஓடிவிடுகிறது.

முதுகை அப்படியே விட்டுவிட்டேன். கை எட்டாது. எட்டினாலும் அது என் வேலையாகத் தோன்றவில்லை. ஞாயிறு காலைகளில் குசினி யன்னலோரம் என்னை ஸ்டூலில் இருத்தி, பேஸ்ட்ரிக்கு முட்டை பூசுகிற தூரிகை மாதிரி ஒன்றை வாங்கிவைத்து நீங்கள் பூசுவீர்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றையாவது கண்ணால் காணாத மனிதர், அவற்றின் பெயரையெல்லாம் என் முதுகில்தான் படித்தீர்கள். "இது நயினாதீவு. இது என்ன, எழுவைதீவா அனலைதீவா?" என்று கேட்பீர்கள். நான் பார்க்காமலே "அனலைதீவு" என்பேன். "உங்கட ஊர்க் கடலில தண்ணியவிடத் தீவு கூடிப்போச்சு வேணு" என்று ஒருநாள் சொன்னீர்கள். சிரித்த சிரிப்பில் சட்டையெல்லாம் நிறம் பட்டது. அந்தச் சட்டையை இன்னும் எறியவில்லை.

சரி, இந்த வாரக் கதைக்கு வருகிறேன். சிவமலரின் மகள் லக்சாயினிக்கு நேற்றுக் கல்யாணம். மாப்பிள்ளை பகுதி தில்லைநாயகி அக்காவுக்குச் சொந்தம். என் பெரியம்மாவின் மகள், ஷாஃப்ஹவுசன் அக்கா, உங்களுக்குத் தெரியும், கண்ணில் பட்டதையெல்லாம் திறந்து பார்க்கிறவர். வெள்ளிக்கிழமையே வந்து எங்கள் வீட்டில் தங்கப்போகிறேன் என்று சொன்னதும் எனக்குப் பயம் பிடித்தது. அக்காவுக்கு என் தோலைப் பற்றித் தெரியாது. தெரிந்தால் சூரிச்சுக்கும் பாசலுக்கும் தெரியும்.

நிறப்பூச்சுக் குழாயை ஒளிக்க எங்கள் குளியலறையில் இடமேது? பொத்தான்கள் போட்டுவைத்திருந்த ஒரு பழைய முகக் கிறீம் போத்தல் கிடந்தது. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்தது, முகத்தை வெளுப்பாக்குகிற வகை. அதைக் கழுவி, குழாயில் இருந்ததை அதற்குள் பிதுக்கி, தட்டின் முன்வரிசையிலேயே வைத்தேன். தமிழ்ப் பெண்ணின் வீட்டில் வெளுப்பாக்குகிற கிறீம் இருந்தால் அதை யாரும் இரண்டாம்முறை திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

சனி காலையில் குளியலறையிலிருந்து ஒரு சத்தம். "வேணுகா, ஓடி வா பிள்ளை! எனக்குச் செங்கமாரி!"

போய்ப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் கரட் துருவியவள்போல் செம்மஞ்சள். நெற்றி கபிலம், புருவம் இரண்டும் கன்னங்கரேல். கன்னத்தில் மேலிருந்து கீழே கோடுகள். ஒரு காது கறுத்திருக்க, மற்றக் காது சொந்த நிறத்தில் இருந்தது. அக்கா கண் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "கண் மஞ்சளோ பார். நாக்கைப் பார். ஈரல் போட்டுது எனக்கு" என்றார். "நேற்று நீ வைச்ச கத்தரிக்காய்க் குழம்பிலை எண்ணெய் மிதந்தது, அப்பவே நினைச்சனான்" என்றும் சொன்னார். காப்புறுதி அட்டையைக் கையில் எடுத்துவிட்டார், நோட்ஃபாலுக்கு, அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ என்கிறார்.

எனக்கு விசுக்கோத்து மணம் அடித்தது. அந்தப் பூச்சுத் தோலில் ஊறியதும் வருகிற மணம். உடனே விளங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே பயமும் வந்தது. கிறீம் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது நாக்கின் நுனிவரை வந்தது. அதற்குள், தட்டில் இருந்த கிறீமை இரவு எடுத்து முகத்தில் பூசியதை அக்காவே ஒத்துக்கொண்டு, "அப்ப கிறீமோ செய்தது? தேசிக்காயும் உப்பும் எடு, தேய்ச்சு உரிக்கிறன்" என்று குசினிக்கு நடக்கத் தொடங்கினார். விட்டிருந்தால் கல்யாண வீட்டுக்கு முகத்தில் புண்ணோடுதான் போயிருப்பார்.

கையைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, அது வெளுக்கப் பண்ணுறது இல்லை. கறுக்கப் பண்ணுறது" என்றேன்.

"கறுக்கப் பண்ணவோ? காசு குடுத்தோ?" என்றார். "உனக்கென்ன விசரோடி?"

சொல்வதைவிடக் காட்டுவது சுலபமாக இருந்தது. திரும்பி நின்று, சட்டையைத் தோளிலிருந்து இறக்கினேன். அக்கா கிட்ட வந்து பார்த்தார். பிறகு மெல்ல, "வெண்குட்டமோ?" என்று கேட்டார்.

"குட்டம் இல்லை அக்கா. அந்தச் சொல்லே பிழை. ஒருத்தருக்கும் ஒட்டாது" என்றேன். அவர் தோளில் எங்கள் துவாய் கிடந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துத் தள்ளிப் பிடித்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் திரும்பவும் தோளிலேயே போட்டுக்கொண்டார். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன். அடுத்ததாகக் கேட்டதைத்தான் மறக்க முடியவில்லை.

"விஜிதரன் இதுக்காகத்தானோ அங்கை போய் நிக்கிறான்?"

"மாமாவுக்குச் சுகமில்லை" என்றேன்.

"ஓம் ஓம். மாமாவுக்குச் சுகமில்லை" என்றார் அக்கா. வார்த்தை என்னுடையதுதான். அவர் சொன்னபோது அது வேறொன்றாகக் கேட்டது.

பிறகு வேலையில் இறங்கினோம். தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, மறுபடி எண்ணெய். "உரஞ்சாதேங்கோ அக்கா, தோல் போனால் திரும்ப வராது" என்று நான் சொல்லச் சொல்ல, "உன்னைப்போலை மூளை கெட்டவள் ஆர், விஷத்தைக் கொண்டுபோய் மருந்துப் போத்திலிலை விட்டு வைக்கிறது" என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் பாதிதான் போனது. ஏச்சு ஓய்ந்தபிறகு அக்கா தன் பாட்டுக்கு, "திரும்பு. முதுகுக்கு நான் பூசிவிடுறன். நாளைக்குச் சாறிச் சட்டை போடவேணுமெல்லே" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். துவாயைத் தள்ளிப் பிடித்த அதே மனுசி. நான் வேண்டாம் என்றேன். "ஏன், என்ரை கை கூடாதோ?" என்றார். கழுத்துவரை மூடிய பழைய சட்டையைத் தேடி எடுத்து அயன் பண்ணினேன்.

கல்யாண வீட்டில் எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். "என்னக்கா, நல்லாக் கறுத்துப் போனியள்? ஃபெரியன் லீவுக்கு எங்கையும் போனனீங்களோ?" என்று ஒருத்தி கேட்டதும், அக்கா கண்கூட இமைக்காமல், "ஓம், மயோர்கா. என்ன வெயிலடி அங்கை!" என்றார். பந்திக்கு இருப்பதற்குள் அந்த மயோர்காவில் கடற்கரை, ஹொட்டேல், கப்பல் எல்லாம் வந்துவிட்டன. "வேணுகாவும் வந்தவளோ?" என்று இன்னொருத்தி கேட்டாள். "வந்தவள், வந்தவள். அவள் நாள் முழுக்கக் குடைக்குள்ளை இருந்து புத்தகம் படிச்சவள். எங்கை கறுக்கிறது?" என்றார். வாழ்நாளில் ஒரு ரகசியத்தையும் காப்பாற்றாத மனுசி என் ரகசியத்தை அப்படிக் காத்தார்.

மாலையில் அக்காவை ரயிலேற்றப் போனேன். பெட்டிக்குள் ஏறியவர் மறுபடி கதவடிக்கு வந்து, "நான் கேட்டது பிழையெண்டால் மன்னிச்சுக்கொள். ஆனால் நீ அவனைக் கேள், பிள்ளை. நீயே கற்பனை பண்ணிக்கொண்டு இராதை" என்றார். கதவு மூடிவிட்டது.

அதனால் கேட்கிறேன்.

கடைசியாகப் பூசிய அந்தத் தை மாத ஞாயிறுகளில் நீங்கள் தீவுகளின் பெயர் சொல்லவில்லை. பேசாமல் பூசினீர்கள், தூரிகையைக் கழுவி வைத்தீர்கள். மாமா விழுந்த செய்தி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அந்த யோசனை என்று இருந்துவிட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தீர்கள். என்னைப் பார்க்கிறபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று ஒருநாளும் நான் கண்டதில்லை.

மாமாவைப் புரட்டிப் படுக்கவைத்துக் களிம்பு பூசுவது நீங்கள்தான் என்று மச்சாள் சொன்னா. வேறு ஒருவர் தொட்டால் அவர் முனகுகிறாராம். அந்தக் கைக்கு அவர் ஏங்குவது எனக்கு விளங்கும். அவரை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். மாமாவுக்காகத்தான் நிற்கிறீர்கள் என்றால் நான் காத்திருப்பேன். அல்லது நிருசனின் ஆர்எஸ் முடிந்ததும் நானே லீவு போட்டுக்கொண்டு அங்கே வருவேன். இருவரும் மாறி மாறிப் பார்ப்போம், அதற்கு வழி உண்டு. என் தோலுக்காக நிற்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அழுவேன், ஆனால் தாங்குவேன். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றை ஒளித்துவைக்க மட்டும் வேண்டாம்.

என் விருப்பத்தையும் எழுதிவிடுகிறேன், அன்றைக்குச் சொல்லாததை. நீங்கள் வரவேண்டும். வேலைக்காக அல்ல, சைக்கிளுக்காகவும் அல்ல. காலையில் எழும்பினால் இந்த வீட்டில் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட ஆளில்லை. வாய் அந்தச் சொல்லைத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொள்கிறது.

கல்யாணம் முடிந்ததிலிருந்து நான் எதுவும் பூசவில்லை. பூசிய நிறம் ஒரு கிழமைக்குமேல் நிற்காது, கண்ணோரத்தில் இப்போதே கரையத் தொடங்கிவிட்டது. சன் கிறீம் மட்டும் போட்டுக்கொண்டு இன்று வேலைக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் ஒரு குழந்தை என் கண்ணையே பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுவேன். மாமியிடம் ஏதாவது சாட்டுச் சொல்லிவிட்டு, போனோடு வளவுக்கு இறங்கி வந்துவிடுங்கள். இந்தமுறை நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒன்றும் சொல்லவேண்டாம், முதலில் பாருங்கள், வேண்டிய நேரம் எடுத்துப் பாருங்கள். நானும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதன்பிறகு ஷெஃப்புக்கு எழுதுங்கள்.

மாமாவின் கையும் காலும் தேறி, அவர் மறுபடி எழும்பி நடக்கவேண்டும். மாமிக்கு என் வணக்கம். உங்களை எந்த நோயும் அண்டாமல் இருக்கட்டும். நான் கூப்பிடுகிற நேரம் அங்கே உச்சி வெயில். மரநிழலாகப் பார்த்து நில்லுங்கள். நான் இங்கே வெளிச்சத்தில் இருக்கிறேன்.

என்றும் உங்கள்,
வேணு